கோணமாமலைப் பதிகத்தைக் காதால் கற்றல்: சைவநெறிப் பாடத்தில் டிஜிட்டல் ஊடகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அது தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு சேர்ந்து ஆறு அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக நிற்கிறது. பல சமயப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பாடசாலையில் சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்புக் கலைந்து, அவரவர் தத்தம் சமய ஆசிரியரிடம் செல்வது வழக்கம். சைவப் பிள்ளைகளுக்குப் பாடம் ‘சைவநெறி’ என்ற பெயரில், அரசு இலவசமாக வழங்கும் பாடநூலின் வழியே வருகிறது. நாயன்மார் வரலாறு, திருமுறைப் பாடல்கள், தலங்கள், விரதங்கள், சித்தாந்தத்தின் தொடக்கக் கருத்துகள் என்று விரியும் அந்தப் பாடநூலின் பெரும்பகுதி, பிறப்பால் ஒலியாகவும் இடமாகவும் சடங்காகவும் இருந்தவற்றை எழுத்தில் சுருக்கித் தருவதாகும்.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் அச்சிட்டபோது, அவர் கையில் எடுத்தது அக்காலத்தின் புதிய ஊடகத்தை. கேள்வியும் பதிலுமாகச் சமயத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறையை மிஷன் பாடசாலைகளில் கண்டு, அதைச் சைவத்துக்குரியதாக்கிக் கொண்டார். ஏடு வாய்க்காத வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகம் கிடைத்தது. ஆனால் கோயிலில் ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் (பொருள் விளக்கம்) சொல்லும் புராணபடனம் போன்ற செவிவழிக் கல்வி பாடசாலைக்குள் அதே அளவுக்கு இடம்பெறவில்லை. பாடநூலில் ஒவ்வொரு தேவாரப் பதிகத்துக்கும் மேலே பண்ணின், அதாவது அதைப் பாடும் பழந்தமிழ் இசை வகையின், பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அதை மனனம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். அந்தப் பண் காதுக்கு எப்படியிருக்கும் என்று கேட்டால், நான் பார்த்த வகுப்புகள் பலவற்றில் பதில் இருந்ததில்லை.

இங்கே ஆராயப்படும் நிகழ்வு, திருகோணமலை மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றின் 9ஆம் தர வகுப்பில் நடந்தது. பாடசாலையின் பெயரும் ஆசிரியையின் பெயரும் அவர்களது விருப்பப்படி தவிர்க்கப்படுகின்றன. எடுத்துக்கொண்ட பாடம், திருஞானசம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகம்; மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. டிஜிட்டல் வளங்களைச் சமய வகுப்பில் பயன்படுத்துவது பற்றி இப்போது பயிற்சிப் பட்டறைகளில் நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாக முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த வகுப்பில் அக்கறை ஏற்பட்டது வேறொரு காரணத்தால்: ஒவ்வொரு கருவியையும் கையில் எடுக்கும் முன், பாடநூல் விட்டுவிட்ட எந்த ஒன்றை இது திருப்பித் தருகிறது என்று அந்த ஆசிரியை கேட்டார். பதில் இல்லையென்றால் கருவி மேசைக்குள் போனது.

குரற்பதிவிலிருந்து தொடங்கியது

இதற்கு ஒரு கொள்கை அடிப்படை இருந்தது என்று சொல்ல முடியாது, நெருக்கடிதான் அடிப்படை. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தகவற் பொதி வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளுக்குக் காணொளி அனுப்புவது வீண் என்று கண்டு, ஆசிரியை வட்ஸ்அப்பில் சிறு குரற்பதிவுகளை அனுப்பத் தொடங்கினார். ஒரு பாட்டு, அதன் பொருள், ஒரு கேள்வி, அவ்வளவுதான். தந்தையின் கைத்தொலைபேசி ஒன்றே வீட்டில் இருக்க, அவர் கடலுக்குப் போகும்போது அதுவும் உடன் போய்விடும் குடும்பங்களில், பிள்ளைகள் இரவில் அவர் உறங்கிய பின் பதிவைக் கேட்டார்கள். 2021இல் சம்பள முரண்பாடு தொடர்பான ஆசிரியர் போராட்டத்தால் இணையவழிக் கற்பித்தல் நின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இவ்வளவுக்கும் இடையில் தப்பிப் பிழைத்தது அந்தக் குரற்பதிவுதான், ஏனென்றால் அதற்குக் குறைந்த தகவலும் குறைந்த மின்னேற்றமும் போதும்.

பாடசாலைகள் வழமைக்குத் திரும்பிய பின், ஆசிரியை ஒன்றைக் கவனித்தார். குரற்பதிவில் கேட்ட பாடல்களை எழுதச் சொன்னால், பிள்ளைகள் முதலில் வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு எழுதினார்கள். புத்தகத்திலிருந்து மனனம் செய்தவற்றையோ கண்ணை மூடிக்கொண்டு சொற்களைத் தேடினார்கள். கோணமாமலைப் பதிகத்துக்கான பாட அலகு இந்தக் கவனிப்பிலிருந்து உருவாயிற்று.

இருந்த கருவிகள் சொற்பம். ஆசிரியையின் கைத்தொலைபேசி, ஒரு சிறிய புளூடூத் ஒலிபெருக்கி, முன்கூட்டியே சொல்லிவைத்துக் கணினிக்கூடத்திலிருந்து எடுத்துவர வேண்டிய புரொஜெக்டர். உள்ளடக்கத்துக்கோ பஞ்சமில்லை. தருமபுர ஆதீனத்தின் ஆதரவில் இயங்கும் தேவாரம் இணையதளத்தில் பன்னிரு திருமுறைகளும் பாட்டும் பொருளுமாக உள்ளன, தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய ஒலிப்பதிவுகளும் அங்கே கிடைக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து 2007இல் இறுவட்டாக வெளிவந்த கணினித் தேவாரம், பாடல்களோடு தலங்களின் வரைபடத்தையும் சேர்த்துத் தருகிறது. ஈழத்து நூல்களுக்கும் தல வரலாறுகளுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. மேற்குலக அருங்காட்சியகங்கள் சில தம்மிடமுள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் படங்களை எவரும் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2017இல் அதைச் செய்தது. இத்தனை இருந்தும் ஆசிரியை இந்த அலகுக்கு எடுத்தவை ஓர் ஒலிப்பதிவு, ஒரு வரைபடம், சில நிழற்படங்கள் மட்டுமே.

கேட்டல்

முதற் பாடவேளையில் புத்தகம் திறக்கப்படவில்லை. பதிகத்தின் முதல் மூன்று பாடல்களின் ஒலிப்பதிவு ஓடியது. கேட்டு முடிந்ததும் கேட்கப்பட்ட வினா மிக எளிது: எந்த வரி திரும்பத் திரும்ப வந்தது? ‘கோணமா மலையமர்ந்தாரே’ என்று வகுப்பின் பாதி சொல்லிற்று. தங்கள் ஊர்ப் பெயர் அதில் இருப்பதைப் பாடநூலில் பார்த்திருந்தவர்கள்தாம்; ஆனாலும் அந்தப் பெயர் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் இசை வந்து இளைப்பாறும் இடமாக அமைந்திருப்பது அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபட்டது.

ஒலிப்பதிவை அப்படியே ஓடவிடாமல், ஓடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் ஆசிரியை அதைப் பதப்படுத்தியிருந்தார். சுருதி மாறாமல் வேகத்தைச் சற்றே குறைத்து, ஒவ்வொரு தொடருக்கும் பின்னால் அதே நீளத்துக்கு மௌனம் விட்டிருந்தார், அந்த மௌனத்தில் பிள்ளைகள் திருப்பிப் பாடும்படி. புதுமை என்று இதில் எதுவும் இல்லை. ஓதுவார் ஒருவர் எதிரில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கும் முறையே இது; ஓதுவார் இல்லாத பாடசாலைக்கு அவருடைய இடைவெளியோடு சேர்த்து அவர் குரலைக் கொண்டுவந்தது மட்டுமே மென்பொருள் செய்த வேலை. இந்த அலகு முழுவதிலும் மிகப் பயன்பட்டது எதுவென்று என்னைக் கேட்டால், அந்த மௌனத்தைத்தான் சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் சமயப் பாடக் காணொளிகளில் பெரும்பாலானவை இடைவிடாது பேசுகின்றன. பிள்ளை வாய்திறக்க அவற்றில் இடமே இல்லை.

இரண்டாம் பாடவேளையில் பண் பற்றிய பேச்சு வந்தது. புறநீர்மைப் பண்ணை இன்று பூபாள இராகமாகப் பாடுவது மரபு. ஆசிரியை பெயரைச் சொல்லவில்லை. இதைப் போன்ற ஒன்றை வேறெங்கேனும் கேட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் கழித்து ஒரு மாணவி, “திருவெம்பாவைக் காலத்தில விடியப்புறம் கேக்கிற மாதிரி இருக்கு, ரீச்சர்” என்றாள். மார்கழி அதிகாலையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதியில் வரும் கூட்டத்தின் பின்னால் நடந்த பிள்ளை அவள். திருப்பள்ளியெழுச்சியைப் பெரும்பாலும் பூபாளத்தில் பாடுவதால் அவள் காது தவறவில்லை. புறநீர்மை காலை வேளைக்குரிய பண் என்ற செய்தியைப் பாடநூல் முறையில் சொன்னால் அது மனனத்துக்கான இன்னொரு வரி. இங்கே அதை ஒரு பிள்ளையே தன் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் ஆசிரியை இன்னொரு படி போனார். இலங்கையில் தேவாரப் பதிகம் முழுமையாகப் பெற்ற மற்றொரு தலம் மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரம். அதற்குச் சம்பந்தர் பதிகம் நட்டராகத்திலும் சுந்தரர் பதிகம் நட்டபாடையிலும் அமைந்தவை. மூன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தேவாரத்தின் சாயல் எதில் இருக்கிறது என்று கேட்டபோது, சுந்தரர் பாட்டில் ‘தோடுடைய செவியன்’ போல ஒன்று இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அதுவும் நட்டபாடையே. வகுப்பு இந்த இடத்தில் சற்று நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடந்தது. எல்லோரும் கேட்டுணரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு மூன்றும் ஒன்றாகவே ஒலித்தன, ஆசிரியை அவர்களை வற்புறுத்தவில்லை.

மலையும் கடலும்

படைப்புச் செயற்பாடாக முதலில் தரப்பட்டது ஓவியம். ‘குரைகட லோத நித்திலங் கொழிக்கும் கோணமா மலை’ என்ற வரியைக் கேட்டு, மனத்தில் தோன்றுவதை வரையச் சொன்னார். வரையப்பட்ட மலைகளில் கணிசமானவை பனி மூடிய கயிலாயமாக இருந்தன. கடற்கரையில் பிறந்து, கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் பிள்ளைகள், தங்கள் ஊர் மலையைப் பாடிய பாட்டுக்கு நாட்காட்டிப் படத்தின் மலையை வரைந்திருந்தார்கள். அச்சுப்படம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பல வினாத்தாள்கள் காட்டித் தராத ஒன்றை அரைத் தாள் ஓவியம் காட்டித் தந்ததால், படைப்புச் செயற்பாட்டைப் பாடத்தின் முடிவில் பொழுதுபோக்காக வைக்காமல் தொடக்கத்தில் அறிநிலைச் சோதனையாக வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அன்று உறுதிப்பட்டது.

அடுத்த வகுப்பில் புரொஜெக்டரில், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைக் கடற்பக்கத்திலிருந்து எடுத்த படமொன்று காட்டப்பட்டது. நிலத்திலிருந்து கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. மீன்பிடிப் படகில் போகிறவர்கள் நாளும் பார்க்கிறார்கள். செங்குத்தான பாறை, அடியில் அலை, உச்சியில் கோயில். ‘கோயிலுஞ் சுனையுங் கடலுடன் சூழ்ந்த’ என்ற வரியை அப்போது வாசித்தபோது விளக்கம் தேவைப்படவில்லை. ஓவியங்கள் இரண்டாம் முறை வரையப்பட்டன.

பிறகு வரைபடம். சம்பந்தர் இலங்கைக்கு வந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை; இராமேச்சரத்தில் தங்கியிருந்தபோது கோணமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் அங்கிருந்தே பாடியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. கைத்தொலைபேசி வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்திப் பிள்ளைகள் அளந்தார்கள்: இராமேச்சரத்திலிருந்து நேர்கோட்டில் கேதீச்சரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், கோணமலை ஏறத்தாழ 225 கிலோமீற்றர். கண்ணுக்குத் தெரியாத தூரம். அப்படியானால் முத்துக் கொழிக்கும் கடலும் சந்தனமும் அகிலும் அவருக்கு எப்படித் தெரியும்? இந்த வினாவுக்கு வகுப்பில் இரண்டு வகைப் பதில்கள் வந்தன. இறையருளால் கண்டார் என்றனர் சிலர். வணிகரும் அடியாரும் கடல் கடந்து போய் வந்த காலம், கேட்டறிந்திருப்பார் என்றனர் மற்றவர்கள். ஆசிரியை இரண்டையும் கரும்பலகையில் எழுதி, முதலாவது பெரியபுராணம் உணர்த்தும் பதில், இரண்டாவது வரலாற்றாசிரியர் கேட்கும் கேள்விக்கான பதில் என்று அடையாளமிட்டு, ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் விட்டார். சமயக் கல்வியில் இதைவிடக் கடினமான இடம் அதிகம் இல்லை. பக்தியைப் பாதுகாக்கிறேன் என்று கேள்வியை அடக்குவதும், அறிவியல் மனப்பான்மை என்று நம்பிக்கையைக் கேலி செய்வதும் எளிது.

கோயிலின் அழிவும் மீட்பும் தனிப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொண்டன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினர். அந்தக் கோட்டையே இன்றைய பிரெட்ரிக் கோட்டை. அதன் வாயிலைக் கடந்துதான் இன்றும் கோயிலுக்குப் போக வேண்டும். 1950இல் நிலத்தைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, கடலுக்குள் கிடந்த கோயில் இடிபாடுகளைக் கண்டனர். இவற்றுக்கான படங்கள் இணையத்தில் கிடைத்தாலும், பிள்ளைகளை அதிகம் ஈர்த்தது அவர்கள் தினமும் கடந்து போகும் ஒரு கல். கோட்டை வாயிலில் ‘முன்னே குளக்கோட்டன்’ (கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு கூறும் மன்னன்) எனத் தொடங்கும் கல்வெட்டின் சிதைந்த பகுதி பதிக்கப்பட்டிருக்கிறது. பறங்கியர் பின்னாளில் கோயிலை அழிப்பர் என்று முன்கூட்டியே சொல்லும் பாட்டாக அதை ஊர் முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. கல்லின் பெரிதாக்கிய படத்தைத் திரையில் காட்டி, உண்மையில் வாசிக்க முடிகிற எழுத்துகளை மட்டும் எழுதச் சொன்னார் ஆசிரியை. பின்னர் ஊர் வழக்கிலுள்ள முழுப் பாட்டைப் பக்கத்தில் எழுதச் சொன்னார். கல்லில் இருப்பது எவ்வளவு, மரபு நிரப்பியது எவ்வளவு என்று பிள்ளைகளே கோடிட்டுப் பிரித்தார்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், புதிதாகப் படம் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாமல், ஏற்கெனவே வெளியான படமே பயன்படுத்தப்பட்டது. இத்தகைய எச்சரிக்கை வழிகாட்டி நூல்களில் இருப்பதில்லை, ஆனால் இந்த ஊரில் இன்றியமையாதது.

வழிபாடா, பாடமா

அலகின் நடுவில் ஒரு மாணவன் எழுப்பிய கேள்வி திட்டத்தில் இல்லாதது. தேவாரம் ஒலிக்கும்போது சப்பாத்துடன் கதிரையில் இருக்கலாமா என்று அவன் கேட்டான். காலைப் பிரார்த்தனையில் எழுந்து நின்று கைகூப்பிப் பாடுகிற அதே பாட்டு இப்போது மேசைமேல் இருக்கும் பெட்டியிலிருந்து வருகிறது. நடுவில் நிறுத்தப்படுகிறது, பின்னோக்கி ஓட்டப்படுகிறது. அவனுடைய சங்கடம் நியாயமானது. சமயப் பாடத்தில் டிஜிட்டல் ஊடகம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் கேள்வியும் இதுவே. ஒரு பொருளைப் பதிவாக்கினால் அதை எங்கும் எப்போதும் நிறுத்தலாம், வெட்டலாம், ஒட்டலாம். புனிதம் என்று ஒரு சமூகம் கருதுவதோ காலமும் இடமும் நடத்தையும் வகுக்கப்பட்டது.

ஆசிரியை வகுப்போடு சேர்ந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஆராய்வதற்காகக் கேட்கும்போது அமர்ந்திருக்கலாம், நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம். பாடவேளையின் முடிவில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, எழுந்து நின்று, கற்ற பாட்டைத் தாங்களே ஓத வேண்டும். அப்போது நிறுத்தல் இல்லை, திருத்தல் இல்லை. பதிவு கற்பதற்கு, ஓதல் வழிபாட்டுக்கு. இந்த எல்லை பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிற்று. ஏனென்றால் மூலத்தானத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்ற கோயில் ஒழுங்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோபுரத்தையும் சுனையையும் கடலையும் எடுக்கலாம், சந்நிதியில் கைத்தொலைபேசி சட்டைப்பைக்குள் போய்விட வேண்டும். அதே ஒழுங்கின் நீட்சியாகவே வகுப்பின் விதியையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓதலில் இன்னொரு பயனும் இருந்தது. பதிவு இல்லாமல் பாட வேண்டியிருந்ததால், யாருக்கு உண்மையில் பாட்டு வசமாகியிருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் ஆசிரியைக்குத் தெரிந்தது.

பிள்ளைகளின் ஆக்கங்கள்

அலகின் ஒப்படை, குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு ஒலிப்படத் தொகுப்பு: பதிகத்தின் ஒரு வரி, அதற்குப் பொருத்தமான நிழற்படம் அல்லது ஓவியம், ஏன் அந்தப் படம் என்று விளக்கும் சொந்தக் குரல். விதி ஒன்றே. படம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அதைச் சேர்க்கக் கூடாது. இந்த விதியால் இணையத்தில் அள்ளிக்கொள்ளும் படங்கள் பெருமளவு தவிர்க்கப்பட்டன. வீட்டில் கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகள் ஓவியத்தையும் எழுத்தையும் பொறுப்பேற்க, குழுவில் இன்னொருவர் பதிவுசெய்தார். எனினும், கருவி வைத்திருப்பவரே குழுவின் தலைவராகிவிடும் போக்கு தெளிவாகத் தெரிந்தது; இதற்கு நல்ல தீர்வு எதையும் நான் அங்கே காணவில்லை.

மாணவிகளின் குரல் குடும்பத்துக்கு வெளியே குழுக்களில் சுற்றுவதைப் பெற்றோர் சிலர் விரும்பவில்லை. இது பழைமைவாதம் என்று ஒதுக்கத் தக்கதன்று. பதினான்கு வயதுப் பிள்ளையின் குரலும் முகமும் ஒருமுறை பகிரப்பட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆக்கங்கள் வகுப்பறையில் மட்டும் ஒலிபரப்பப்பட்டு, ஆசிரியையின் கருவியில் சேமிக்கப்பட்டு, ஆண்டிறுதியில் அழிக்கப்படும் என்று முடிவாயிற்று. காட்சிக்கு வைக்க வேண்டும், பாடசாலையின் முகநூல் பக்கத்தில் போட வேண்டும் என்ற வற்புறுத்தல் வெளியிலிருந்து வந்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களும் வந்து சேர்ந்தன. ஒரு குழு கொண்டுவந்த நடராசர் படத்தில் உடுக்கை இடக்கையில் இருந்தது, தூக்கிய திருவடி வலமாயிருந்தது, திருவடியின் கீழ் கிடக்க வேண்டிய முயலகன் காணாமற் போயிருந்தான். ஆசிரியை அதை நிராகரிக்காமல், திறந்த உரிமத்தில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வல மேற்கையில் உடுக்கை, இட மேற்கையில் தீ, வலக்கீழ்க்கையில் அபயம், தூக்கிய இடத்திருவடியைச் சுட்டும் இடக்கீழ்க்கை என்று பாடநூல் வரிசைப்படுத்தும் இலட்சணங்கள், பிழையான படம் ஒன்றின் உதவியால் வகுப்பில் முதன்முறையாகப் பொருளோடு பேசப்பட்டன. படைத்தல், அழித்தல், காத்தல், அருளல் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் உறுப்பும் குறியீடாக நிற்கும்போது, கை மாறினால் வடிவம் சொல்லும் பொருளே குலைந்துபோகும் என்பதைப் பிள்ளைகள் கண்டார்கள்.

இணையம் கூடவே கொண்டுவந்தவை

யூடியூபில் ஒரு பதிகத்தைத் தேடினால் அதற்கு முன் பிஸ்கட் விளம்பரம் வரும். அது சிறு தொல்லை. முடிந்ததும் தானாக ஓடத் தொடங்கும் அடுத்த காணொளிதான் பெருந்தொல்லை. கோணேசர் கோயிலைப் பற்றித் தேடுகிறவருக்கு இராவணனின் விமானம், பத்தாயிரம் ஆண்டுக் கோயில், மறைக்கப்பட்ட இரகசியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஆசிரியை ஒலிப்பதிவுகளை முன்கூட்டியே தரவிறக்கி வகுப்புக்கு இணையமின்றி வந்ததற்கு இதுவே முதற் காரணம். தகவற் செலவு இரண்டாவதுதான்.

இதைவிடக் கூரிய சிக்கல் பதிகத்துக்குள்ளேயே இருக்கிறது. சம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணனும், ஒன்பதாம் பாடலில் திருமாலும் பிரமனும், பத்தாம் பாடலில் சமணரும் பௌத்தரும் இடம்பெறுவது அவர் கையாண்ட ஓர் அமைப்பு. கோணமாமலைப் பதிகமும் அந்த அமைப்பைப் பின்பற்றுகிறது. பௌத்த அயலவரோடு வாழும், கோயில் நிலமும் தொல்லியலும் இன்றும் பிணக்குக்குரியனவாக இருக்கும் ஒரு மாவட்டத்தில், பத்தாம் பாட்டை எப்படிக் கற்பிப்பது? விட்டுவிட்டுக் கற்பிப்பது ஒரு வழி. பாடநூல்கள் தேர்ந்த சில பாட்டுகளை மட்டும் தருவதால் அது தானாகவே நடந்துவிடுகிறது. ஆனால் முழுப் பதிகமும் கைத்தொலைபேசியில் இருக்கும்போது பிள்ளை அதைக் கேட்டுவிடுகிறது. இணையத்தில் அந்த வரிகளை இன்றைய அரசியற் சண்டைக்கு ஆயுதமாக வெட்டி ஒட்டிய காணொளிகளும் உள்ளன.

ஆசிரியை அதை மறைக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் மன்னரின் ஆதரவுக்காகவும் மக்களின் மனத்துக்காகவும் சமயங்கள் வாதிட்ட சூழலைச் சுருக்கமாக விளக்கி, இது அந்த வாதத்தின் மொழி என்றும், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய வருணனை அன்று என்றும் சொன்னார். நாங்கள் இதைக் கோயிலில் பாடும்போது பௌத்த நண்பன் கேட்டால் என்ன நினைப்பான் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு வகுப்பில் முடிவான பதில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். சமயப் பாடவேளையில் பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்து செல்லும் ஏற்பாட்டில், அந்தக் கேள்வியை அந்த நண்பனோடு சேர்ந்து பேச இடமில்லை என்பது இதில் மறைந்திருக்கும் குறை. அதைத் தீர்க்க எந்தச் செயலிக்கும் இயலாது; கால அட்டவணையில் செய்ய வேண்டிய மாற்றம் அது.

பரீட்சை

இந்த முறையால் புள்ளிகள் உயர்ந்தனவா என்பதே அதிபர்களும் வலயக் கல்வி அலுவலர்களும் முதலில் கேட்பது. எழுத்துப் பரீட்சை கேட்பவை பதிகத்தின் பண் யாது, பாடியவர் யார், விடுபட்ட அடியை நிரப்புக என்ற வகையானவை. இவற்றுக்குக் காதால் கற்ற பிள்ளையும் கண்ணால் மனனம் செய்த பிள்ளையும் ஒரே புள்ளியைப் பெறலாம். புறநீர்மை என்று எழுதிய இருவரில் யாருக்கு அந்தப் பண் கேட்டால் தெரியும் என்று வினாத்தாள் கேட்பதில்லை. ஆகவே புள்ளிகளைக் கொண்டு இந்த அலகை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒரேயளவு பொருளற்றவை. தவணைப் பரீட்சைக்கு மேலதிகமாகப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஒலியை அடையாளம் காணல், ஓதல், ஓர் ஆக்கத்தின் மூலத்தைச் சொல்லல் ஆகியவற்றுக்கு ஆசிரியை தாமாக ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டார். அதற்கு மேல் அவருடைய அதிகாரம் செல்லாது.

11ஆம் தரத்தில் அவரே ஒலிபெருக்கியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களுக்குத் திரும்பிவிடுகிறார். பெற்றோரின் எதிர்பார்ப்பு அது, பிள்ளைகளின் எதிர்காலமும் அதில் தங்கியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் இந்த அலகை அடுத்த ஆண்டு 9ஆம் தரத்திலிருந்து 8ஆம் தரத்துக்கு இறக்க எண்ணியிருக்கிறார், பரீட்சையின் நிழல் விழும் முன் காது பழகிவிடட்டும் என்று. கோயில் ஓதுவார் ஒருவரை அழைத்து, பதிவில் கேட்ட புறநீர்மையை அவர் நேரில் பாடக் கேட்கவும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளவும் ஒரு பாடவேளை புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓதுவாருக்கான போக்குவரத்துச் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தருமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.